மண்டியில் கற்ற வங்கித் தொழில்

(வங்கி ஊழியர்களும் வணிகவியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க வங்கியாளர் என்றதும் பெரும்பாலோருக்கு ஜே. பி. மார்கன் நினைவுக்கு வருவார். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ரயில்வே கம்பெனிகளை இணைத்தவர், எஃகுத் தொழிலை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவர். இன்று நான் பேசப்போவது மார்கனின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாத மக்களுக்காக வங்கி நடத்தியவரைப் பற்றி. அவர் பெயர் அமெடியோ பீட்டர் ஜியானினி. ஊழியர்கள் முதல் வாடிக்கையாளர்கள் வரை அவரை 'ஏ.பி.' என்றே அழைத்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். காய்கறிக் கமிஷன் மண்டியில் தொழில் கற்றவர். 34 வயதில், மதுக்கடையாக இருந்த ஓர் இடத்தைச் சீர்செய்து வங்கி திறந்தார். 41 ஆண்டுகள் கழித்து, 1945இல், அந்த வங்கி உலகத்திலேயே பெரிய வங்கியாக இருந்தது. பாங்க் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதில் எனக்கு விருப்பமில்லை. கடன் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு கேள்வியைப் போடுகிறது. ஆளைத் தெரிந்துகொண்டு கடன் கொடுப்பது ஒரு மண்டிக்காரரால் முடியும். நூற்றுக்கணக்கான கிளைகளும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் உள்ள நிறுவனத்தால் முடியுமா? முடியும் என்று ஜியானினி நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்று பார்ப்போம்.

ஜியானினி பிறந்தது 1870 மே 6, கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில். பெற்றோர் இத்தாலியின் ஜெனோவாவுக்கு அருகிலுள்ள மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை லூயிஜி ஒரு சிறிய விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். பிறகு அல்விசோ என்ற ஊரில் நிலம் வாங்கிப் பழமும் காய்கறியும் பயிரிட்டார். கூலிப் பாக்கி தகராறில் ஒரு வேலையாள் அவரைச் சுட்டுக் கொன்றான். தகராறுக்குக் காரணமான தொகை ஒரே ஒரு டாலர் என்று சொல்வார்கள். அப்போது மூத்த மகன் அமெடியோவுக்கு ஆறு வயது. சிறு பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் வர்ஜீனியா, சில ஆண்டுகள் கழித்து லொரென்சோ ஸ்காடெனா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். தோட்டக்காரர்களின் விளைபொருளை வண்டியில் ஏற்றிச் செல்வது ஸ்காடெனாவின் தொழில். 1882இல் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்காடெனா அங்கே சொந்தமாகக் கமிஷன் மண்டி வைத்தார்.

அந்த மண்டிதான் ஜியானினியின் கல்லூரி. சாக்ரமென்டோ, சான் வாக்கின் ஆறுகள் வழியாகக் காய்கறிப் படகுகள் நள்ளிரவில் துறைமுகத்துக்கு வந்து சேரும். அங்கேயே ஏலம், பேரம், எடை. விடிவதற்குள் சரக்கு கைமாறிவிட வேண்டும். வெயில் ஏறினால் கீரை வாடும், பழம் கனிந்துவிடும். பையன் பதினைந்து வயதுக்குள் படிப்பை விட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கினான். சரக்கு வரட்டும் என்று துறைமுகத்தில் காத்திருக்க அவனுக்குப் பொறுக்கவில்லை. குதிரை வண்டியிலும் படகிலும் பள்ளத்தாக்குகளுக்குள் போய், விவசாயியை அவன் தோட்டத்திலேயே சந்தித்தான். வழியில் ஓர் ஓடை. அதைச் சுற்றிப் போனால் போட்டி வியாபாரி முந்திவிடுவான் என்று, துணியைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்திக் கடந்தான் என்று ஒரு கதை அந்த வட்டாரத்தில் வழங்குகிறது.

மண்டித் தொழில் தெரிந்தவர்களுக்கு அடுத்து வருவது என்னவென்று தெரியும். முன்பணம். அறுவடைக்கு முன் விவசாயிக்குப் பணம் தேவை. கொடுக்கிற மண்டிக்குத்தான் சரக்கு வரும். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது? பத்திரம் பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை இது. நிலம் எப்படி, தண்ணீர் உண்டா, ஆள் உழைப்பாளியா, போன வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா, வீட்டில் நிலைமை என்ன என்பதெல்லாம் மண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் பணம் போகும்; பயந்து கொடுக்காமல் இருந்தால் சரக்கு போகும். பதினைந்து வருஷம் ஜியானினி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். 19 வயதில் மண்டியில் பங்குதாரர் ஆனார். 1892இல் குளோரிண்டா கூனியோவை மணந்தார். 1901இல், 31 வயதில், தன் பங்கை மண்டி ஊழியர்களுக்கே விற்றுவிட்டு ஒதுங்கினார். இனி உழைக்காமலே குடும்பம் நடக்கும் என்ற அளவுக்குச் சேர்த்திருந்தார்.

ஓய்வு நீடிக்கவில்லை. மறு ஆண்டே மாமனார் ஜோசஃப் கூனியோ காலமானார். நார்த் பீச் என்ற இத்தாலியர் குடியிருப்பில் அவருக்கு நிறையச் சொத்து. வாரிசுகள் பலர். எல்லோரும் சேர்ந்து நிர்வாகத்தை ஜியானினியிடம் ஒப்படைத்தார்கள். அந்தச் சொத்துகளோடு கொலம்பஸ் சேமிப்பு வங்கியின் இயக்குநர் பதவியும் வந்தது.

இயக்குநர் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் வங்கிகள் எப்படி நடக்கின்றன என்பதை ஜியானினி உள்ளிருந்து பார்த்தார். கடனெல்லாம் பெரிய சொத்துக்காரர்களுக்கே போனது. மீன் விற்பவர், ரொட்டிக் கடைக்காரர், முடிதிருத்துபவர், கப்பலில் வந்து இறங்கிய தொழிலாளி ஆகியோரெல்லாம் பணத்தைத் தலையணைக்கடியிலும் தகர டப்பாவிலும் வைத்திருந்தார்கள். அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரனிடம் போனார்கள். வங்கி இவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று ஜியானினி சொன்னார். மற்ற இயக்குநர்கள் கேட்கவில்லை. அக்காலத்து வங்கியாளருக்கு, வாடிக்கையாளரைத் தேடிப் போய்க் கணக்குத் திறக்கச் சொல்வது கௌரவக் குறைவு. வாக்குவாதம் முற்றி 1904இல் ஜியானினி வெளியேறினார். உடன் சில இயக்குநர்களும் வந்தார்கள். நண்பரான வங்கியாளர் ஜேம்ஸ் ஃபேகனிடம் போய், வங்கி தொடங்குவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையை ஆரம்பித்தார்.

1904 அக்டோபர் 17. கொலம்பஸ் வங்கி இருந்த தெருவிலேயே, அதற்கு எதிர்ப்புறத்தில், பழைய மதுக்கடை இருந்த இடத்தில் 'பாங்க் ஆஃப் இட்டாலி' திறக்கப்பட்டது. முதல் நாள் வந்த டெபாசிட் 8,780 டாலர். பங்குகளை அக்கம்பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்குப் பரவலாக விற்றிருந்தார். யார் கையிலும் பெரும்பங்கு குவிந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். 25 டாலர் கடன்கூடக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு விண்ணப்பம் எழுதி, கணக்கில் ஏற்றி, வசூல் செய்வதற்கு ஆகும் செலவே வட்டியை விழுங்கிவிடும் என்பது மற்ற வங்கிகளின் வாதம். 25 டாலரை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவன் நாளைக்கு 2,500 டாலர் கேட்டு வருவான், அப்போது அவனைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது ஜியானினியின் கணக்கு.

வங்கிக்குப் பதினெட்டு மாதம் ஆனபோது அந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது. 1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12 மணி. நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோவை உலுக்கியது. அதையடுத்து நகரத்தில் தீ பரவியது. நிலநடுக்கத்தைவிட நெருப்புதான் அதிகம் அழித்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

ஜியானினி அப்போது நகரத்திலிருந்து சுமார் 17 மைல் தள்ளி, சான் மட்டேயோவில் குடியிருந்தார். ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. எதிரே ஊரே காலி செய்துகொண்டு வர, இவர் மட்டும் நகரத்தை நோக்கி நடந்தார். வங்கி வந்து சேரும்போது நண்பகல். ஊழியர்கள் வழக்கம்போலக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வங்கிக்குச் சொந்தமாகப் பலமான பெட்டகம் கிடையாது. இரவில் பணத்தைப் பக்கத்துப் பெரிய வங்கியின் பெட்டகத்தில் வைப்பது வழக்கம். அன்று காலையும் போய் எடுத்து வந்துவிட்டார்கள். தங்கமும் வெள்ளியுமாக ஏறத்தாழ 80,000 டாலர். வாடிக்கையாளர்கள் போட்டிருந்த மொத்தத் தொகையில் இது சிறு பங்குதான்.

நெருப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் கொள்ளையர்கள். ஜியானினி மாற்றாந்தந்தையின் மண்டியிலிருந்து இரண்டு வண்டிகளை வரவழைத்தார். பணப் பைகளை அடியில் போட்டு, மேலே ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கி, இருட்டிய பிறகு புறப்பட்டார். பார்ப்பவர்களுக்குக் காய்கறி வண்டி. சான் மட்டேயோ வீட்டுக்கு வந்ததும் கணப்பு அடுப்பின் சாம்பல் குழியில் பணத்தை மறைத்து வைத்தார். வெகு நாள் வரை வங்கியின் பணத்தில் ஆரஞ்சு வாசனை வீசிக்கொண்டிருந்ததாம்.

இனி கவனியுங்கள். மற்ற பெரிய வங்கிகளின் பெட்டகங்கள் தப்பியிருந்தன. ஆனால் நெருப்பில் பழுத்துக் கிடந்தன. சூடு தணியாமல் திறந்தால் உள்ளே காற்றுப் புகுந்து காகிதப் பணமும் பத்திரங்களும் பற்றிக்கொள்ளும். எனவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாநில அரசும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தது. சில மாதங்கள் மூடியே வைக்கலாமா என்றுகூட வங்கியாளர்கள் யோசித்தார்கள். ஜியானினியின் பணம் மட்டும் கையில் இருந்தது. வாஷிங்டன் தெருத் துறைமுகத்தில் இரண்டு பீப்பாய்களை நிறுத்தி, குறுக்கே ஒரு பலகையைப் போட்டார். அதுதான் வங்கி. தம்பி அட்டிலியோ டாக்டர். அவர் வீட்டில் இன்னொரு அலுவலகம். வீட்டை மறுபடி கட்ட, கடையை மறுபடி திறக்கக் கடன் தரப்படும் என்று அறிவித்தார்.

பத்திரம் எரிந்துபோனவர்கள் வந்தார்கள். அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவர்கள் வந்தார்கள். கையெழுத்தையும் கைகுலுக்கலையும் வைத்து ஜியானினி கடன் கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு. கேட்ட தொகையை அவர் அப்படியே கொடுக்கவில்லை. பாதி தருகிறேன், மீதிப் பாதியை நீ எங்கிருந்தாவது புரட்டிக்கொண்டு வா என்றார். இத்தாலியக் குடும்பங்களில் ஒளித்து வைத்த தங்கம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த நிபந்தனையால் அது வெளியே வந்தது. கடன் வாங்குபவனும் தன் பணத்தைப் போட்டதால் பொறுப்போடு நடந்துகொண்டான். பூட்டிக் கிடந்த பணம் புழக்கத்துக்கு வந்தது. கட்டுமானத்துக்கு மரம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து, வடக்கே போய் மரம் ஏற்றி வரக் கப்பல் தலைவர்களுக்கும் பணம் கொடுத்தார். நார்த் பீச் மற்றப் பகுதிகளை முந்திக்கொண்டு எழுந்து நின்றது. கருணையால் செய்தார் என்று சொல்லிவிட்டால் அவருடைய திறமையை மறைத்துவிடுவோம். அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர் என்று பல வருஷமாகப் பார்த்து அவர் தெரிந்துவைத்திருந்தார். எரிந்துபோன காகிதங்களில் இல்லாத தகவல் அவர் தலையில் இருந்தது.

1907இல் நியூயார்க்கில் தொடங்கிய வங்கிப் பீதி நாடெங்கும் பரவியது. ஜியானினி அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே தங்கம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். பணம் எடுக்க வரிசை நின்றபோது, காசாளர் கூண்டுகளில் தங்க நாணயங்களை எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கி வைக்கச் சொன்னார். இருக்கிறது என்று தெரிந்தால் எடுக்க யாரும் அவசரப்படுவதில்லை.

இதுவரை சொன்னது ஒரு ஊர் வங்கியின் கதை. இனிதான் ஜியானினி வங்கி வரலாற்றுக்குள் நுழைகிறார்.

அந்தக் கால அமெரிக்காவில் பெரும்பாலான வங்கிகள் ஒற்றை வங்கிகள். ஒரு ஊர், ஒரு கட்டடம், அவ்வளவுதான். பல மாநிலங்களில் கிளை திறக்கச் சட்டமே அனுமதிக்கவில்லை. ஒரே ஏரியை நம்பிய ஊர்போல இந்த வங்கிகள் இருந்தன. அந்த வட்டாரத்தில் கொடிமுந்திரி விலை விழுந்தால், கடன் வாங்கியவர்களும் டெபாசிட் போட்டவர்களும் ஒரே சமயத்தில் வறண்டுபோவார்கள். வங்கியும் சேர்ந்து வறளும். கனடாவில் சில பெரிய வங்கிகள் நாடெங்கும் கிளை பரப்பி நிலையாக இருப்பதை ஜியானினி பார்த்தார். கலிபோர்னியா 1909இல் சட்டம் திருத்திக் கிளைகளை அனுமதித்ததும், அந்த ஆண்டே தான் பிறந்த சான் ஹோசேயில் ஒரு வங்கியை வாங்கிக் கிளையாக மாற்றினார். 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ். பிறகு பள்ளத்தாக்கு ஊர்கள் ஒவ்வொன்றாக. ஒரு பள்ளத்தாக்கில் அறுவடைக் காலம். பணம் வந்து குவியும். இன்னொன்றில் விதைப்புக் காலம், பணம் தேவைப்படும். இங்கே குவிந்ததை அங்கே கடனாகக் கொடுக்கலாம். விவசாயிகளிடம் மற்ற வங்கிகள் 8, 10, சில இடங்களில் 12 சதவீதம் வரை வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் இவர் 7 சதவீதத்துக்குக் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

சரி, ஆளைத் தெரிந்துகொண்டு கடன் கொடுக்கும் மண்டி வழக்கத்தை எப்படி முந்நூறு மைல் தள்ளியிருக்கும் கிளைக்குக் கொண்டுபோனார்? இதற்கு அவர் பல காரியங்கள் செய்தார். வாங்கிய வங்கியின் உள்ளூர் அதிகாரிகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்களையே பங்குதாரர்களாக்கி ஆலோசனைக் குழு அமைத்தார். அந்தந்த மக்களின் மொழி பேசும் ஊழியர்களை வைத்தார். இத்தாலியன், போர்ச்சுகீசு, கிரேக்கம், ரஷ்யன் என்று கிளைக்குக் கிளை வேறு வேறு. ஊழியர்களைக் கல்லாவை விட்டு வெளியே அனுப்பினார். அவர்கள் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் போய்க் கணக்குத் திறக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கினார். 1921இல் பெண்களுக்கென்று, பெண்களே நடத்தும் தனிப் பிரிவு திறந்தார். தனக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளவில்லை. ஊழியர்களுக்கு நடுவே, வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் அவர் மேஜை. யாரும் நேரே வந்து உட்கார்ந்து பேசலாம்.

ஆனால் வளர்ச்சியோடு பகையும் வளர்ந்தது. சிறு வங்கிகளின் உரிமையாளர்கள் அவரை எட்டுக் கால் பரப்பும் ராட்சதன் என்றார்கள். கண்காணிப்பு அதிகாரிகள் கிளை அனுமதிகளை இழுத்தடித்தார்கள். அனுமதி கிடைக்காதபோது ஜியானினி, துணைக் கம்பெனிகள் மூலமாக வங்கிகளை வாங்கி, சட்டம் திருந்தும்வரை காத்திருந்து, பிறகு ஒன்றாக இணைத்தார். 1927இல் வந்த மக்ஃபேடன் சட்டம் அதற்கு வழிவிட்டது. 1928இல் நியூயார்க்கின் பழைய வங்கிகளில் ஒன்றான பாங்க் ஆஃப் அமெரிக்காவை வாங்கினார். அதே ஆண்டு டிரான்ஸ்அமெரிக்கா என்ற தாய்க் கம்பெனியை நிறுவினார். 1930இல் பாங்க் ஆஃப் இட்டாலி என்ற பெயர் மறைந்து பாங்க் ஆஃப் அமெரிக்கா என்ற பெயர் நிலைத்தது.

அந்த ஆண்டே அவர் பொறுப்பை எலைஷா வாக்கர் என்ற வால் ஸ்ட்ரீட் மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். உடல்நலம் சரியில்லை. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்தது. வாக்கர், ஈவுத்தொகையை நிறுத்தி, டிரான்ஸ்அமெரிக்காவின் சொத்துகளைத் துண்டு துண்டாக விற்க ஏற்பாடு செய்தார். கணக்குப்படி அது தவறான யோசனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பங்குதாரர்களில் பெரும்பாலோர் கலிபோர்னியாவின் சிறு விவசாயிகளும் கடைக்காரர்களும். வாழ்நாள் சேமிப்பு அந்தப் பங்குகளில் இருந்தது. விலை தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. ஜியானினி ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். பங்குதாரர்களிடம் வாக்களிக்கும் அதிகாரப் படிவங்களைச் சேகரித்தார். 1932 பிப்ரவரியில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் நடந்த கூட்டத்தில் வாக்கரைப் பெருவாரியான வித்தியாசத்தில் தோற்கடித்தார். முப்பது வருஷமாக ஒவ்வொருவராகத் தெரிந்துவைத்திருந்தது அன்று வாக்குகளாகத் திரும்பி வந்தது.

மறு ஆண்டு இன்னொரு நெருக்கடி. 1933 மார்ச்சில் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுவதும் வங்கிகளை மூடச் சொன்னார். நல்ல நிலையில் இருக்கும் வங்கிகள் மட்டும் மீண்டும் திறக்கலாம். சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் ரிசர்வின் தலைவர் ஜான் கால்கின்ஸ், பாங்க் ஆஃப் அமெரிக்கா திறக்கத் தகுதியற்றது என்று கருதினார். அவருக்கும் ஜியானினிக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு. 410 கிளைகள் உள்ள வங்கி மூடிக் கிடந்தால் கலிபோர்னியாவே முடங்கும். நிதியமைச்சர் உட்டின் தொலைபேசியில் கால்கின்ஸை அழைத்து, மூடி வைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்கிறீர்களா என்று கேட்டார். கால்கின்ஸ் தயாராக இல்லை. அப்படியானால் திறக்கட்டும் என்றார் உட்டின். பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் திவாலாயின; அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஒற்றை வங்கிகள். கிளை வங்கி முறையில் ஆபத்து பரவிக் குறைகிறது என்ற ஜியானினியின் வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்டன் கேட் பாலம் கட்டப் பணமில்லாமல் திட்டம் நின்றபோது, 1932இல் கடன் பத்திரங்களை வாங்கிக்கொள்ளப் பாங்க் ஆஃப் அமெரிக்கா முன்வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் வேலை தொடங்கியது. சினிமாவுக்குக் கடன் கொடுப்பது சூதாட்டம் என்று மற்ற வங்கிகள் ஒதுங்கிய காலத்தில், டாக்டர் தொழிலை விட்டுவிட்டு வங்கிக்கு வந்த தம்பி அட்டிலியோ ஹாலிவுட்டுக்கு வங்கியின் கதவைத் திறந்தார். சாப்ளினின் 'தி கிட்' படத்துக்கும், வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' படத்துக்கும் இந்த வங்கியின் பணம் உதவியது. ஸ்நோ ஒயிட்டின் செலவு எகிறி ஏறத்தாழ 15 லட்சம் டாலரானபோது, முடியாத படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வங்கி அதிகாரி மேற்கொண்டு பணம் கொடுத்தார். சாதாரணக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடனும் கார்க் கடனும் தவணை முறையில் கொடுத்ததை மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன். இன்று நீங்கள் தினமும் கையெழுத்துப் போடும் சில்லறைக் கடன்களின் பாட்டன் அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் ஏலத்துக்கு வந்து, வங்கியின் கைக்கே வந்தன. அவற்றை நிர்வகிக்க 'கலிபோர்னியா லேண்ட்ஸ்' என்ற துணைக் கம்பெனி இருந்தது. எளியவனின் வங்கி என்று தொடங்கியது, அவன் உழுத நிலத்துக்கே உடைமையாளராகி நின்றது. மேலாளருக்கு அந்த விவசாயியைத் தெரியும். பெயர், பிள்ளைகள், தண்ணீர் தகராறு எல்லாம் தெரியும். விலை வீழ்ச்சியின் முன்னால் அந்தத் தெரிதலால் என்ன செய்ய முடிந்தது? சில இடங்களில் தவணை தள்ளிப்போட முடிந்திருக்கும். சில இடங்களில் ஜப்தி நோட்டீஸைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்ல மட்டுமே முடிந்திருக்கும். ஆளைத் தெரிந்திருப்பது, சந்தையிலிருந்து அவனைக் காப்பாற்றாது.

இன்னொன்று. 1920களில் அவருடைய கம்பெனிகளின் பங்குகளை வாங்கச் சாதாரண மக்கள் முண்டியடித்தார்கள். ஜியானினி மீது வைத்த நம்பிக்கை ஊக வணிகமாக மாறியது. 1928 ஜூனில் அந்தப் பங்குகள் சரிந்தபோது பலர் கைப்பொருளை இழந்தார்கள். அவர் எச்சரித்தார் என்பது உண்மை. அந்த மோகத்தின் ஊற்றே அவருடைய பெயர்தான் என்பதும் உண்மை. அரசாங்கத்தோடு மோதலும் தீரவில்லை. டிரான்ஸ்அமெரிக்கா ஏகபோகம் செய்கிறது என்று ஃபெடரல் ரிசர்வ் 1948இல் வழக்குத் தொடுத்தது. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1956இல் வந்த புதிய சட்டம், இப்படிப்பட்ட தாய்க் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது.

பணத்தைப் பொறுத்தவரை அவர் நடந்துகொண்ட விதம் வேறு. 1920களின் இறுதியில் கம்பெனி லாபத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 15 லட்சம் டாலர். அதை வாங்கிக்கொள்ளாமல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதார ஆய்வுக்கு ஒரு அறநிறுவனம் அமைக்கக் கொடுத்தார். அவர் பெயரில் அது இன்றும் இயங்குகிறது. 1949 ஜூன் 3ஆம் தேதி, 79ஆம் வயதில், சான் மட்டேயோவில் காலமானார். விட்டுச் சென்ற சொத்து ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. அப்போது வங்கியின் சொத்து மதிப்பு சுமார் 600 கோடி டாலர்.

அவருக்குப் பிறகு நடந்த ஒரு நிகழ்ச்சி, நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலே கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. பிறகு மாநிலம் முழுவதும் அனுப்பியது. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 22 பேர் தவறினார்கள். திருட்டும் மோசடியும் சேர்ந்து கொண்டன. வங்கிக்குப் பெருநட்டம். யார் வீட்டுக்கு அட்டை போகிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது, அனுப்பினார்கள். வங்கி பாடம் படித்தது. விண்ணப்பம், வரலாறு, பதிவேடு, வசூல் பிரிவு என்று ஒவ்வொன்றாக அமைத்த பிறகு அந்த அட்டை லாபம் தரத் தொடங்கியது. 1976இல் அதன் பெயர் 'விசா' ஆனது. உங்களில் பலரின் சட்டைப் பையில் இப்போது இருக்கிறது.

ஆக, ஆளைத் தெரிந்துகொள்ளாமல் கடன் கொடுக்க முடியாது என்பதை அவர் வங்கியே தன் கைப்பணத்தைக் கொடுத்து மறுபடி நிரூபித்தது. தெரிந்துகொள்ளும் வழிதான் மாறியிருக்கிறது. மண்டியில் முகம், கிளையில் மேலாளர், இன்று கணினி தரும் கடன் மதிப்பெண். மதிப்பெண்ணைக் குறை சொல்ல நான் வரவில்லை. சாதி பார்க்கும், முகத்தாட்சண்யம் பார்க்கும் மேலாளரைவிட அது பல சமயம் நியாயமாக நடந்துகொள்ளும். ஜியானினி இன்று இருந்தால் முதல் ஆளாக அந்தக் கணினியை வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். விவரம் சேகரிப்பதில் அவருக்கு அவ்வளவு பசி.

ஆனால் மதிப்பெண் நேற்றைய நடத்தையைச் சொல்கிறது. இதுவரை கடனே வாங்காதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடை எரிந்தவர், வெள்ளத்தில் சரக்கை இழந்தவர், புதிதாக ஊருக்கு வந்தவர் ஆகியோரைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும். ஜியானினி தொழில் செய்தது முழுக்க இப்படிப்பட்ட மனிதர்களோடுதான். எனவே இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி மறுத்த விண்ணப்பங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டையாவது எடுத்துக்கொண்டு, அந்தக் கடைக்கு அல்லது தோட்டத்துக்கு நேரே போய்ப் பாருங்கள். பார்த்ததைக் கோப்பில் எழுதி வையுங்கள். பாதிப் பணம் அவர் போடுவாரா என்று கேளுங்கள். பத்தில் ஏழெட்டுக்குக் கணினி சொன்னதே சரி என்று நீங்களும் கண்டுகொள்வீர்கள். மிச்சமுள்ள இரண்டு மூன்று பேரை வைத்துத்தான் அந்த மண்டிக்காரர் உலகத்தின் பெரிய வங்கியைக் கட்டினார்.